சில் பெட்டிக்குள் ஒரு மின்கலம்

இங்கிலாந்தின் ஆபிங்டன் நகரத் தொழிற்சாலையிலிருந்து 1962 முதல் 1980 அக்டோபர் வரை ஐந்து லட்சத்துக்கும் அதிகமான எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் கார்கள் வெளிவந்தன. 1798 சி.சி. கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர் எஞ்சின், இரண்டு பேர் உட்கார இடம், மடித்து வைக்கும் துணிக்கூரை: ரோட்ஸ்டர் என்று அழைக்கப்பட்ட வகை இவ்வளவுதான். எஞ்சினை ஆளும் கணினி எதுவும் இதில் இல்லை. ஸ்பேனர் பிடித்துப் பழகியவர் பொறுமையிருந்தால் முழு எஞ்சினையும் கழற்றி மாட்டிவிடலாம். உதிரி பாகங்கள் இன்றும் புதிதாகவே கிடைக்கின்றன. பிரிட்டனில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வீட்டுக் கொட்டகையில் மீட்டெடுக்க நினைக்கும் ஆர்வலர்களின் கண் முதலில் இந்த வண்டிமேல் விழுவது அதனால்தான். எளிய வண்டி என்ற பெயரை நம்பி இறங்குபவர்களை எஞ்சின் ஏமாற்றுவதில்லை. கியர் பெட்டியும் பிரேக்கும்கூட ஏமாற்றுவதில்லை. அவர்களைத் தோற்கடிப்பது ஒரு மில்லிமீட்டர்கூடத் தடிப்பில்லாத உடல் தகடு. ஆண்டுக்கணக்கில் உழைத்து, பளபளவென்று பெயிண்ட் அடித்து வெளியே கொண்டுவந்த வண்டியில் மூன்றாவது குளிர்காலத்திலேயே கதவுக்குக் கீழே கொப்புளம் கிளம்புகிறது என்றால், குறை உழைப்பில் இருப்பதற்கு வாய்ப்புக் குறைவு. துரு என்பது என்ன என்ற புரிதலில்தான் குறை.

துருவை மேற்பரப்பில் படிந்த கறையாக நினைப்பது நமக்கு இயல்பு. கறை என்றால் சுரண்டலாம், மருந்து தடவலாம், மேலே வண்ணம் பூசி மறந்துவிடலாம். ஆனால் துரு ஒரு மின்கலத்தின் விளைபொருள். அந்த மின்கலத்தை அமைத்துக் கொடுப்பது காரின் வடிவம். எந்த மடிப்புகளும் இணைப்புகளும் கூரையில்லாத காருக்கு விறைப்பைத் தருகின்றனவோ, அதே மடிப்புகளில்தான் இந்த மின்கலம் மிக நன்றாக வேலை செய்கிறது. இது தற்செயலான பொருத்தம் அல்ல. மெல்லிய தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பற்றவைத்துப் பெட்டி கட்டும் முறையிலேயே அது அடங்கியிருக்கிறது. வேலையை எங்கே தொடங்குவது, எந்த வரிசையில் செய்வது, எதற்குக் காசு செலவிடுவது, எதற்குச் செலவிடக் கூடாது என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை இந்த ஒரு செய்தியிலிருந்தே பிறக்கிறது என்பது என் வாதம்.

கேம்பிரிட்ஜில் பணியாற்றிய யூலிக் எவன்ஸ், அரிப்பை அறிவியலாக வளர்த்தவர்களில் முதன்மையானவர். 1920களில் அவர் செய்துகாட்டிய ஒரு சோதனையை யாரும் வீட்டில் செய்து பார்க்கலாம். தேய்த்துச் சுத்தமாக்கிய எஃகுத் தகட்டின்மேல் ஒரு துளி உப்புநீர் விட வேண்டும். அந்த நீரில் பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடும் ஃபீனால்ஃப்தலீனும் சிறிது கலந்திருக்க வேண்டும். சற்று நேரத்தில் துளியின் விளிம்பு இளஞ்சிவப்பாகவும் நடுப்பகுதி நீலமாகவும் மாறுகின்றன. காற்றிலுள்ள ஆக்சிஜன் எளிதில் எட்டக்கூடியது துளியின் விளிம்பு. அங்கே ஆக்சிஜனும் நீரும் எலக்ட்ரான்களை ஏற்று ஹைட்ராக்சைடு அயனியாகின்றன. சிவப்பு நிறம் அதன் அடையாளம். நடுப்பகுதிக்கு ஆக்சிஜன் குறைவாகவே போய்ச் சேர்கிறது. அங்கே இரும்பு எலக்ட்ரான்களை விட்டுவிட்டு அயனியாகக் கரைகிறது. நீலம் அதைக் காட்டிக்கொடுக்கிறது. விட்ட எலக்ட்ரான்கள் தகட்டின் வழியாகவே விளிம்புக்குப் பாய்கின்றன. நடு ஆனோடு, விளிம்பு கேத்தோடு, துளி மின்பகுளி, தகடே கம்பி. கரைந்த இரும்பும் ஹைட்ராக்சைடும் இடையில் எங்கோ சந்தித்து, மேலும் ஆக்சிஜன் ஏற்று, பழுப்புத் துருவாகப் படிகின்றன. இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. துருப்பிடிக்க ஆக்சிஜன் வேண்டும் என்று பள்ளியில் படிக்கிறோம். அது சரிதான், ஆனால் இரும்பு தின்னப்படுவது ஆக்சிஜன் குறைவாக உள்ள இடத்தில். அதோடு, துரு கண்ணில் படும் இடமும் இரும்பு கரையும் இடமும் ஒன்றல்ல. பழுப்பாகத் தெரியும் இடத்தை மட்டும் சுரண்டுபவர் பக்கத்து இடத்தைச் சுரண்டிக்கொண்டிருக்கிறார்.

இனி துளிக்குப் பதிலாக, ஒன்றன்மேல் ஒன்று படிந்து பற்றவைக்கப்பட்ட இரண்டு தகடுகளின் இடுக்கை வைத்துப் பாருங்கள். நீர் நுண்குழாய் விசையால் உள்ளே இழுக்கப்படுகிறது. வெளியே வர வழியில்லை. ஆக்சிஜன் இடுக்கின் வாயில் மட்டும் தாராளமாகக் கிடைக்கிறது. உள்ளே கரையும் இரும்பு அயனிகள் நீருடன் வினைபுரிந்து அமிலத்தை உண்டாக்குகின்றன. அவற்றின் நேர்மின்னூட்டத்தை ஈடுகட்ட வெளியிலிருந்து குளோரைடு அயனிகள் உள்ளே நகர்கின்றன. அமிலமும் குளோரைடும் சேர்ந்த நீரில் இரும்பு இன்னும் வேகமாகக் கரைகிறது. தொடங்கிவிட்டால் தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும் ஏற்பாடு இது. பிரிட்டனில் குளோரைடுக்குப் பஞ்சமே இல்லை: பனிக்காலத்தில் சாலை உறையாமலிருக்க, செஷயரில் உள்ள வின்ஸ்ஃபோர்டு போன்ற சுரங்கங்களிலிருந்து எடுத்த கல்லுப்பைச் சாலையெங்கும் தூவுகிறார்கள். சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினாலே ஈரத்தை இழுத்துத் தானாகக் கரையத் தொடங்கும். மெக்னீசியம் குளோரைடு 33 சதவீதத்திலேயே கரையும். ஆகவே மழையில் நனையாத வண்டியும், உப்புச் சேறு ஒட்டியிருக்கும்வரை நனைந்த வண்டிதான். இந்த மின்கலத்தின் மின்னோட்டம் மிகச் சிறியது. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு மைக்ரோ ஆம்பியர் என்றால், ஓராண்டில் கரையும் ஆழம் ஏறக்குறைய 0.0116 மி.மீ. மட்டுமே. அதுவே பத்து மைக்ரோ ஆம்பியர் ஆனால், 0.9 மி.மீ. தகடு ஒரு பக்கத்திலிருந்து மட்டும் அரிக்கப்பட்டாலும் எட்டு ஆண்டுகளுக்குள் ஓட்டையாகிவிடும். இரு பக்கமும் என்றால் நான்கு. இரும்பு துருவாகும்போது அதன் கன அளவு குறைந்தது இரு மடங்காகிறது, நீரேறிய துருவில் ஆறு மடங்கு வரை போகலாம். இடுக்கில் உண்டாகும் துரு தகடுகளைப் பிரித்துத் தள்ளி, பற்றவைத்த புள்ளிகளையே பிய்த்து, அடுத்த சொட்டு நீருக்கு இடம் செய்துகொடுக்கிறது.

எம்ஜிபிக்கு முன்னால் வந்த எம்ஜிஏ என்ற காருக்குத் தனியாக ஒரு சட்டகம் இருந்தது. உடல் அதன்மேல் உட்கார்ந்திருந்தது. எம்ஜிபியில் சட்டகம் கிடையாது. மோனோகாக் எனப்படும் அமைப்பில் உடல் தகடுகளே சட்டகம். கூரை இருந்தால் அதுவும் சுமையில் பங்கெடுக்கும். ரோட்ஸ்டரில் அதுவும் இல்லாததால் முன்பாதியையும் பின்பாதியையும் சேர்த்துப் பிடிக்கும் பொறுப்பு கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் இரண்டு பெட்டிகள்மேல் விழுகிறது. அவற்றுக்குத்தான் சில் என்று பெயர். வெளித்தகடு, உள்தகடு, இரண்டுக்கும் நடுவே ஒரு தடுப்புத் தகடு, அடியில் ஒரு வளைத்த பட்டை என்று பல துண்டுகளை விளிம்போடு விளிம்பு வைத்து, வரிசையாகப் புள்ளிப் பற்றவைப்புச் செய்து கட்டிய பெட்டி அது. மூடிய பெட்டியாக இருப்பதில்தான் அதன் பலம் முழுவதும் அடங்கியிருக்கிறது. 50 மி.மீ. ஆரமும் 1 மி.மீ. தகட்டுத் தடிப்பும் உள்ள ஒரு குழாயைக் கற்பனை செய்யுங்கள். அதன் நீளம் முழுவதும் ஒரே ஒரு கீறல் போட்டால் எடை குறையாது, பார்வைக்கும் பெரிய மாற்றம் தெரியாது. ஆனால் முறுக்குக்கு எதிரான அதன் விறைப்பு சுமார் 7500-இல் ஒரு பங்காக விழுந்துவிடும். ஆரத்தைத் தடிப்பால் வகுத்து, வர்க்கமாக்கி, மூன்றால் பெருக்கினால் இந்த எண் வரும். சில் வட்டக் குழாய் அல்ல, துருவும் நேர்கோட்டில் கீறுவதில்லை. அதனால் உண்மையான இழப்பு இவ்வளவு கொடூரமாக இருக்காது. இழப்பின் திசை மட்டும் இதேதான். தகட்டின் நடுவில் விழும் ஓட்டையைவிட, விளிம்பு இணைப்பு பிரிவது பல மடங்கு ஆபத்தானது. இடுக்கு மின்கலம் தின்பதோ சரியாக அந்த விளிம்பு இணைப்பை.

முன்சக்கரத்துக்குப் பின்னால், மட்கார்டுக்குள் ஒரு சேற்றுத் தடுப்புத் தகடு உண்டு. அதன் விளிம்பிலுள்ள ரப்பர் ஓரிரு பத்தாண்டுகளில் நைந்துவிடும். பிறகு சக்கரம் வீசும் உப்புச் சேறு தடுப்பைத் தாண்டி, சில்லின் முன்முனைமேல் போய் உட்கார்ந்துகொள்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. தெரியும்போது உள்தகடும் தடுப்புத் தகடும் போய்விட்டிருக்கும். வெளித்தகடு கடைசியில் சாகிறது. பழைய வண்டிகளின் சந்தையில் மலிவான ஒரு தந்திரம் இங்கேதான் பிறக்கிறது: துருப்பிடித்த சில்லின்மேல் மூடிபோல ஒரு புதுத் தகட்டை ஒட்டிப் பற்றவைத்து, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்துவிடுவது. பரிசோதனையில் சுத்தியலால் தட்டினால் நல்ல ஓசை வரும். ஆனால் இரண்டு தகடுகளுக்கிடையே புதிதாக ஓர் இடுக்கு உருவாகிவிட்டது. உள்ளே பழைய துருவும் குளோரைடும் அப்படியே இருக்கின்றன. இதைவிடச் சிறந்த அரிப்புக் கலத்தை ஆய்வகத்தில்கூடக் கட்ட முடியாது. ஒழுங்காகச் செய்வதென்றால் முன் மட்கார்டைக் கழற்ற வேண்டும். நல்லவேளையாக அது போல்ட்டில் நிற்பது. பின் மட்கார்டு பற்றவைக்கப்பட்டது, அதன் அடிப்பகுதியை வெட்டியெடுக்க வேண்டும். வெளிச் சில்லின் முனைகள் இந்த இரண்டுக்கும் உள்ளே புகுந்து நிற்கின்றன. நல்ல தகட்டை வெட்ட வேண்டியிருக்கிறதே என்று பலர் தயங்கும் இடம் இது. தயங்கினால் மீதி வேலை எல்லாம் வீண்.

வெட்டுவதற்கு முன்னால் காரின் வடிவத்தைப் பூட்டிவைக்க வேண்டும் என்பது வடிவவியல் சொல்லும் நிபந்தனை. வண்டி இரு முனைகளில் சக்கரங்களால் தாங்கப்பட்ட ஓர் உத்திரம். சில்லை வெட்டினால் நடுப்பகுதி தொய்யும். தொய்யும்போது கதவு வாயிலின் மேல் விளிம்புகள் ஒன்றையொன்று நெருங்கும், கீழ் விளிம்புகள் விலகும். அந்தத் தொய்வோடு புதுச் சில்லைப் பற்றவைத்தால் தொய்வு நிரந்தரமாகிவிடும். ஆகவே வண்டியைச் சமதளத்தில், அச்சுகளின் அருகே தாங்கி நிறுத்தி, கதவு வாயிலின் குறுக்கே இரும்புச் சட்டம் பற்றவைத்து, ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் வெட்டுவார்கள். இறுதிப் பற்றவைப்புக்கு முன் கதவை மாட்டி, இடைவெளி மேலும் கீழும் சமமா என்று பார்ப்பார்கள். இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. அளவுநாடாவும் பொறுமையும் போதும். பற்றவைப்பிலும் இதே பொறுமைதான் பேசுகிறது. எஃகு ஏறக்குறைய 1500 டிகிரி செல்சியஸில் உருகுகிறது. பற்றவைக்கும் புள்ளி சூடேறி விரியப் பார்க்கும். சுற்றியுள்ள குளிர்ந்த தகடு அதை விரிய விடாது. அதனால் சூடான பகுதி தனக்குள்ளேயே நசுங்கித் தடிக்கும். ஆறும்போது அந்த நசுங்கல் மீளாது. மீதமுள்ள தகட்டையும் சேர்த்து உள்ளே இழுக்கும். மெல்லிய தகடு நெளிவதற்குக் காரணம் இதுதான். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரே இழுப்பாகப் பற்றவைப்பவர் இழுப்பைக் கூட்டிக்கொண்டே போகிறார். இங்கே ஒரு புள்ளி, தள்ளி ஒரு புள்ளி என வைத்து ஒவ்வொன்றையும் ஆறவிடுபவர் அதைப் பரப்பிவிடுகிறார்.

வெட்ட வேண்டியதை வெட்டிய பிறகும், துருப்பிடித்தாலும் வலிமை இழக்காத தகடு நிறைய மிச்சமிருக்கும். இங்கேதான் துருமாற்றி திரவங்கள் கடைக்கு வருகின்றன. அவை பொய்யல்ல. டானிக் அமிலம் துருவைக் கருநிறமான இரும்பு டானேட்டாக மாற்றுகிறது. பாஸ்பாரிக் அமிலம் இரும்பு பாஸ்பேட் படலத்தை உண்டாக்குகிறது. இரண்டும் தாம் தொடும் துருவோடு மட்டுமே வினைபுரியும் என்பதுதான் சிக்கல். குழியின் அடியில், துருவுக்கும் உலோகத்துக்கும் இடையில் குளோரைடு பதுங்கியிருக்கிறது. மேலே கறுத்த படலம் உருவாவதால் அது எங்கும் போய்விடுவதில்லை. அதன்மேல் பெயிண்ட் அடித்தால் என்ன நடக்கும்? பெயிண்ட் படலம் நீராவியை மெதுவாக உள்ளே விடக்கூடியது. அடியில் உப்பு இருக்கும் இடத்துக்கு, உப்புப் போட்ட மாங்காயிலிருந்து நீர் கசிவதுபோல, சவ்வூடு பரவலால் நீர் இழுக்கப்படுகிறது, கொப்புளம் கிளம்புகிறது. குளோரைடை வெளியேற்றுவது எவ்வளவு பொறுமையான வேலை என்பதைத் தொல்பொருள் பாதுகாப்பாளர்களிடம் கேட்டால் தெரியும். 1864-இல் அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் அருகே மூழ்கி, 2000-இல் வெளியே எடுக்கப்பட்ட ஹன்லி நீர்மூழ்கியை 2014-இல் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்தார்கள். உப்பு வெளியேற ஆண்டுகள் பிடிக்கும் என்று தெரிந்தே அதைச் செய்தார்கள். கார்த் தகடு அவ்வளவு நேரம் கேட்காது, ஆனால் அதே விதிதான்: துருவை உலோகம் தெரியும்வரை அகற்றுவது, சுத்தமான வெந்நீரில் பலமுறை கழுவுவது, உடனே உலர்த்துவது. கழற்றி எடுக்கக்கூடிய சிறு பாகங்களுக்குச் சலவைச் சோடாக் கரைசலும் பேட்டரி சார்ஜரும் போதும். பாகத்தை எதிர்முனையிலும் வீணான இரும்புத் துண்டு ஒன்றை நேர்முனையிலும் இணைத்தால், துருவை உண்டாக்கிய மின்கலத்தையே திருப்பி ஓட்டுகிறோம். துருப்பிடிக்காத எஃகை நேர்முனையில் வைக்கவே கூடாது. அதிலுள்ள குரோமியம் நச்சான ஆறு இணைதிறன் வடிவில் கரைசலில் இறங்கும். ஹைட்ரஜன் வெளிவருவதால் திறந்த வெளியில், நெருப்பில்லாமல் செய்ய வேண்டும். சுருள்வில் போன்ற கடினமான எஃகைத் தொட்டியில் போட்டால் ஹைட்ரஜன் உள்ளே புகுந்து அதை நொறுங்கச் செய்யலாம்.

துரு இவ்வளவு பிடிவாதமானது என்றால் டெல்லி இரும்புத் தூண் எப்படி 1600 ஆண்டுகளாக நிற்கிறது, அதில் பாஸ்பேட் படலம்தானே காக்கிறது என்று கேட்கலாம். துருமாற்றி விற்பவர்களுக்குப் பிடித்த கேள்வி இது. கான்பூர் ஐஐடியில் பணியாற்றிய பாலசுப்ரமணியம் அந்தத் தூணை ஆராய்ந்து, இரும்பிலேயே கலந்திருக்கும் அதிகப்படியான பாஸ்பரஸ்தான் காக்கும் படலத்தை உருவாக்கியது என்று விளக்கினார். அந்தப் பாஸ்பரஸ் உலோகத்தின் உள்ளே இருக்கிறது. படலம் கீறப்பட்டால் மீண்டும் உருவாகப் பொருள் கையிருப்பில் உண்டு. தூண் திறந்த வெளியில் நிற்கும் கனத்த திண்மம். மழை பெய்தால் நனைந்து, வெயில் வந்தால் காய்ந்துவிடுகிறது. அதில் இடுக்கு இல்லை, பெட்டி இல்லை, சாலையுப்பும் இல்லை. கார்த் தகட்டில் மேலே தடவிய ஓரிரு மைக்ரான் பாஸ்பேட்டை அதோடு ஒப்பிடுவது நியாயமில்லை. உப்புக் காற்று எஃகை என்ன செய்யும் என்று பார்க்க விரும்புபவர்களுக்கு, காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் மண்டபம் கடற்கரையில் நடத்தும் அரிப்புச் சோதனை நிலையம் இன்னும் பொருத்தமான சாட்சி.

பூச்சுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும், ஏனென்றால் அவை கடைசிக் காவல் மட்டுமே. துத்தநாகம் நிறைந்த பிரைமர் வேலை செய்வது, துத்தநாகம் இரும்பைவிட எளிதில் எலக்ட்ரான் கொடுத்து இரும்புக்குப் பதிலாகத் தான் கரைவதால். அதற்கு அது சுத்தமான உலோகத்தை நேராகத் தொட வேண்டும். துருவின்மேல் அடித்த துத்தநாகம் வெறும் சாம்பல்நிறப் பெயிண்ட். போர்ஷே நிறுவனம் 1970களின் நடுவிலேயே 911 காரின் உடலுக்குத் துத்தநாகம் தோய்த்த தகட்டைப் பயன்படுத்தத் தொடங்கியது. அதே காலத்து எம்ஜிபிக்கு அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை. வெளிப்பக்கம் எபாக்ஸி பிரைமர் ஈரத்தை நன்றாகத் தடுக்கும். ஆனால் சில்லின் உட்பக்கத்துக்கு எந்தப் பெயிண்ட் துப்பாக்கியும் முழுமையாக எட்டாது. பற்றவைத்த சூட்டில் உள்ளேயிருந்த பிரைமர் எப்படியும் எரிந்துபோயிருக்கும். அங்கே வேலை செய்வது, துளை வழியாக நீளக் குழாய் விட்டுப் பீய்ச்சும் மெழுகுதான். அது இறுகிப் போகாது, இடுக்குக்குள் ஊர்ந்து சென்று நீர் புக வேண்டிய இடத்தைத் தான் பிடித்துக்கொள்ளும். பார்வைக்கு அழுக்காகத் தெரியும் இந்த மெழுகுக்குச் செலவழிக்கும் ஒரு பவுண்டு, மேல் பெயிண்டுக்குச் செலவழிக்கும் பத்துப் பவுண்டுகளைவிட வண்டியின் ஆயுளைக் கூட்டும் என்பது என் கணிப்பு. நீர் வடியும் துளைகளை அடைக்காமல் விடுவதற்கோ ஒரு காசும் செலவில்லை.

இதையெல்லாம் தொழில்முறைப் பட்டறையிடம் விடுவதே நல்லதல்லவா என்பது வலுவான ஆட்சேபம். பற்றவைப்பில் அவர்கள் கை சுத்தம், சந்தேகமில்லை. ஆனால் மேலே சொன்ன வேலைகளின் பட்டியலைத் திரும்பப் பாருங்கள்: கழுவுவது, உலர்த்துவது, ஆறவிடுவது, கதவை மாட்டிப் பார்த்துக் கழற்றுவது, ஒரு வாரம் கழித்து மெழுகு இன்னொரு முறை பீய்ச்சுவது. இவை எல்லாமே திறமையைவிடக் காலத்தை அதிகம் கேட்பவை. மணிக்கணக்கில் கூலி வாங்கும் பட்டறையில் காலம்தான் மிக விலையுயர்ந்த சரக்கு. வாடிக்கையாளர் பார்க்கவே போகாத பெட்டியின் உட்புறத்துக்கு அதைச் செலவிடுவது வணிகத்துக்கு ஒத்துவராது. கொட்டகைக்காரரிடம் மலிவாக இருப்பது காலம் ஒன்றுதான். அவர் தோற்பது, அந்த மலிவான சரக்கை மறந்து, பட்டறையைப் போல வேகமாக மேற்பரப்பை முடிக்க நினைக்கும்போது. இருந்தாலும் எல்லை ஒன்று உண்டு. ஐசோசயனேட் கலந்த இரட்டைக் கலவைப் பெயிண்டைத் தனிக்காற்று முகமூடி இல்லாமல் அடிக்கக் கூடாது. அது நிரந்தர ஆஸ்துமாவைத் தரக்கூடியது. குளோரின் கலந்த துப்புரவுத் திரவம் தடவிய தகட்டைப் பற்றவைத்தால் பாஸ்ஜீன் என்ற கொடிய வாயு உண்டாகலாம். துத்தநாகம் பூசிய தகட்டின் புகை காய்ச்சலைத் தரும். மேல் பெயிண்டை மட்டும் பட்டறைக்குக் கொடுத்துவிடுவதில் எந்த அவமானமும் இல்லை.

இரண்டாவது ஆட்சேபம் வேறு திசையிலிருந்து வருகிறது. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் 1988 முதல் எம்ஜிபியின் முழு உடலையும் பழைய அச்சுகளைக் கொண்டே புதிதாகச் செய்து விற்றது. பழைய உடலோடு ஏன் மல்லுக்கட்ட வேண்டும்? இரண்டு சில்களும் தரையும் பின்பகுதியும் ஒருசேரப் போன வண்டிக்கு அது நேர்மையான விடைதான். அப்படிப்பட்ட வண்டியைத் துண்டு துண்டாக ஒட்டுவது பிடிவாதம். ஆனால் புது உடலும் அதே வடிவம், அதே இடுக்கு, அதே சேற்றுத் தடுப்பு. உள்ளே மெழுகு போடாமல் உப்புச் சாலையில் ஓட்டினால் அதற்கும் அதே கதி. இதற்கு நேர் எதிரான குரலும் உண்டு. பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபிவா தனது டூரின் சாசனத்தில், மீட்டெடுப்பதைவிட உள்ளதை உள்ளபடி பாதுகாப்பதற்கே முன்னுரிமை தருகிறது. வெட்டி ஒட்டிய காரில் வரலாறு எங்கே என்று கேட்கிறவர்கள் அதைச் சுட்டுவார்கள். மேல் தகட்டின் பழைய பெயிண்டுக்கும் இருக்கையின் கிழிந்த தோலுக்கும் அந்த வாதத்தை முழுதாக ஏற்கிறேன். காற்றின் ஈரப்பதத்தை 50 சதவீதத்துக்குக் கீழே வைத்திருந்தால், உப்பில்லாத மேலோட்டத் துரு கிட்டத்தட்ட உறங்கிவிடும், அதை விட்டுவைக்கலாம். சாலையில் ஓட வேண்டிய வண்டியின் சில்லுக்கு அந்தச் சலுகை கிடையாது. அது வரலாற்றுச் சின்னம் ஆவதற்கு முன் சுமைதாங்கி.

பிரிட்டனில் 2018 மே முதல், பதிவாகி 40 ஆண்டுகள் தாண்டி, பெரிய மாற்றம் செய்யப்படாத கார்களுக்கு ஆண்டுதோறும் நடக்கும் எம்ஓடி பரிசோதனை கட்டாயமில்லை. எம்ஜிபிகள் எல்லாமே இன்று அந்த வயதைக் கடந்துவிட்டன. விலக்கு இருந்தாலும் சில் வேலை முடித்த வண்டியைப் பரிசோதனைக்குக் கொண்டுபோவதே முறை. பற்றவைப்பை வேறொரு கண் பார்ப்பதற்கு அதைவிட மலிவான வழி இல்லை. இன்னும் வண்டியே வாங்காதவர்கள் காந்தம் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். கதவின் கீழ், மட்கார்டின் பின்முனை என்று தகடு இருக்க வேண்டிய இடத்தில் அது ஒட்டாவிட்டால் அங்கே இருப்பது பட்டி. பிறகு கதவை மூடி, அதற்கும் பின் மட்கார்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியைப் பாருங்கள். மேலே குறுகி கீழே விரிந்திருந்தால் வண்டி ஏற்கெனவே தொய்ந்துவிட்டது; எஞ்சின் எவ்வளவு இனிமையாக ஓடினாலும், பெயிண்ட் எவ்வளவு மின்னினாலும், முதல் வண்டியாக அதை வாங்காதீர்கள். எஞ்சின் இறுகிப்போய், பெயிண்ட் மங்கி, அந்த இடைவெளி மட்டும் சீராக இருக்கும் வண்டி ஒன்று அகப்பட்டால், விலை சற்றுக் கூடினாலும் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.